கொழும்பு வீட்டில தண்ணி மிச்சம் பிடிக்கிறது எப்பிடி: மீற்றரிலயிருந்து பூச்சாடி வரைக்கும்

போன வருசம் மாசி மாசம் எங்கட தண்ணி பில் வந்திச்சு, வழமையா 18 யுனிற் போற வீட்டுக்கு 23 யுனிற். வீட்டில நாங்கள் நாலு பேர்தான், அந்த மாசம் ஊரிலயிருந்து ஆக்களும் வரேல்ல. அம்மா சொன்னா பிள்ளைகள் சவருக்குக் கீழ நிண்டு பாட்டுப் படிக்கிறதாலதான் எண்டு, பிள்ளைகள் சொல்லிச்சினம் அம்மம்மா பூக்கண்டுக்கு ஹோஸ் பிடிக்கிறதாலதான் எண்டு, நான் ரெண்டு பக்கத்தையும் பேசி ரெண்டு பக்கத்தாலயும் வாங்கிக் கட்டினன். பைப் வேலை செய்யிற பாஸ் ஒருத்தர் வந்து பாத்திட்டு மோட்டரை மாத்தோணும் எண்டு சொல்லி வந்ததுக்கும் காசு வாங்கிட்டுப் போனார். கடைசியில பாத்தா கீழ் பாத்ரூம் ஃப்ளஷ் டாங்க். ஒரு சத்தம் இல்லாம, ஒரு சொட்டு நிலத்தில விழாம, இரவு பகலா கொமட்டுக்குள்ள வழிஞ்சுகொண்டே இருந்திருக்கு.

அதுக்குப் பிறகுதான் எனக்கு விளங்கினது, நாங்கள் வழமையா சொல்லுற “பைப்பை பூட்டிட்டு பல்லுத் தீட்டு” எல்லாம் சரிதான், ஆனா அது நாலாவது அஞ்சாவது வேலை. முதல் வேலை அளக்கிறது. எங்க போகுது எண்டு தெரியாம ஆளாளுக்கு புத்தி சொல்லி ஒரு லீற்றர் கூட மிஞ்சாது, சண்டைதான் மிஞ்சும். அதால நான் செய்த அதே வரிசையிலயே எழுதுறன், நீங்களும் அந்த வரிசையிலயே செய்யுங்கோ.

முதலாவது: மீற்றரை ஒரு இரவு காவல் காக்கிறது

ஒரு யுனிற் எண்டா 1,000 லீற்றர், ஒரு கன மீற்றர். மீற்றரில கறுப்பு இலக்கம் யுனிற், சிவப்பு இலக்கமும் சிவப்பு முள்ளும் அதுக்குக் கீழ உள்ள லீற்றர் கணக்கு. நடுவில சின்னதா ஒரு சக்கரம் இருக்கும், மெல்லிசாத் தண்ணி போனாலும் அது சுத்தும். கனபேர் வீட்டு மீற்றர் கேற்றுக்குப் பக்கத்தில மண்ணும் சருகும் மூடிக் கிடக்கும், முதல்ல அதைத் துடையுங்கோ.

இரவு எல்லாரும் படுக்கப் போற நேரம், மேல் டாங்க் நிரம்பினதுக்குப் பிறகு (இது முக்கியம், இல்லாட்டி டாங்குக்குப் போற தண்ணியை ஒழுக்கு எண்டு நினைச்சு பயப்பிடுவீங்கள்), ஃபோனில மீற்றரை ஒரு படம் எடுங்கோ. காலம எழும்பி ஆரும் பாத்ரூம் போக முதல் இன்னொரு படம். நான் இரவு 11 மணிக்கும் காலம 5 மணிக்கும் எடுத்தன், வித்தியாசம் 42 லீற்றர். ஆறு மணித்தியாலத்தில 42 எண்டா மணிக்கு 7, நாளைக்கு 168, மாசத்துக்கு 5,040. அந்த அஞ்சு யுனிற் எங்க போனது எண்டு இப்ப விளங்குதா?

இலக்கம் மாறியிருந்தா அடுத்தது எங்க எண்டு பிரிச்சுப் பாக்கிறது. மேல் டாங்கிலயிருந்து வீட்டுக்கு இறங்கிற வால்வை பூட்டுங்கோ, டாங்க் நிரம்பி நிக்கட்டும், பிறகு மீற்றரைப் பாருங்கோ. இன்னும் சுத்தினா ஒழுக்கு மீற்றருக்கும் டாங்குக்கும் இடையில, அதாவது நிலத்துக்குக் கீழ போற பைப்பில, இல்லாட்டி டாங்கில இருக்கிற போல் வால்வ் (மிதவையோட தண்ணியை மறிக்கிற வால்வ்) வடிவா பூட்டாம மேலதிகம் போற பைப்பால வெளிய போகுது. சுத்திறது நிண்டா ஒழுக்கு வீட்டுக்குள்ள. கீழ சம்ப் (நிலத்துக்குக் கீழ தண்ணித் தொட்டி) கட்டி மோட்டரால மேல ஏத்திற வீடெண்டா இரவில மெயின் வால்வைப் பூட்டி மோட்டர் சுவிட்சையும் நிப்பாட்டிப் போட்டு சம்ப்புக்கும் மேல் டாங்குக்கும் தனித்தனியா ஒரு குச்சியை விட்டு மட்டத்தை அடையாளம் பண்ணுங்கோ, காலம பாத்தா எது குறைஞ்சிருக்கு எண்டு தெரியும்.

தொடர்மாடியில அல்லது அனெக்ஸில வாடகைக்கு இருக்கிற ஆக்களுக்கு ஒரு மீற்றரை ரெண்டு மூண்டு குடும்பம் பங்கு போடுறதெண்டா இது கொஞ்சம் வில்லங்கம்தான், வீட்டுக்காரரோட கதைச்சு உங்கட பக்கத்துக்கு ஒரு சின்ன மீற்றர் போட்டா நல்லம். எங்கட தண்ணி பில்லில யுனிற் கூடக் கூட ஒரு யுனிற்றின்ர விலையும் படிப்படியா ஏறும், அதால மூண்டு குடும்பத்தின்ர பாவனை ஒரே மீற்றரில ஓடினா எல்லாரும் மேல் படி விலைக்குத்தான் காசு கட்டுவினம்.

ரெண்டாவது: ஒழுக்கு அடைக்கிறது

ஃப்ளஷ் டாங்கிலயிருந்து தொடங்குங்கோ. கேக்குக்குப் போடுற கலரிங் இருந்தா டாங்க் மூடியைத் திறந்து ஒரு பத்துச் சொட்டு விடுங்கோ, இல்லாட்டி கொஞ்சம் மஞ்சள்தூள் கரைச்சு ஊத்தினாலும் காணும். இருபது நிமிசம் ஆரையும் ஃப்ளஷ் பண்ண விடாதீங்கோ. பிறகு கொமட்டுக்குள்ள எட்டிப் பாருங்கோ. எங்கட கீழ் பாத்ரூமில நான் சிவப்பு விட்டனான், கொமட்டின்ர பின்பக்கச் சுவரில ஒரு நூல் மாதிரி மெல்லிய ரோஸ் கோடு இறங்கிக்கொண்டு இருந்திச்சு. கையால தொட்டாத்தான் தண்ணி ஓடுறது தெரியும், கண்ணுக்கு அது வெறும் ஈரம். அந்தக் கோடுதான் நாளைக்கு 168 லீற்றர்.

காரணம் ரெண்டில ஒண்டு. டாங்கின்ர அடியில இருக்கிற ரப்பர் தேய்ஞ்சு, நெளிஞ்சு, அழுக்குப் பிடிச்சு வடிவா உக்காராம இருக்கும், அல்லது மிதவை மேல தள்ளி நிண்டு தண்ணி நடுக்குழாயால வழியும். மிதவை எண்டா ஸ்க்ரூவைத் திருப்பி தண்ணி மட்டத்தை நடுக்குழாய் வாயை விட ஒரு இஞ்சி கீழ கொண்டுவாங்கோ, காசே தேவையில்லை. ரப்பர் எண்டா கழட்டி பழைய ரப்பரைக் கையில கொண்டுபோய் ஹாட்வெயார் கடையில காட்டி அதே அளவு வாங்குங்கோ, ஃபோனில படம் மட்டும் எடுத்துக்கொண்டு போனா ரெண்டு தரம் நடக்க வேண்டி வரும், நான் நடந்தனான்.

அடுத்தது சொட்டுற பைப். இதை ஒருத்தரும் கணக்கெடுக்கிறதில்லை. ஒரு யோகட் கப்பை கீழ வையுங்கோ, ஏறக்குறைய 80 மில்லிலீற்றர் பிடிக்கும். அது பத்து நிமிசத்தில நிரம்பினா மணிக்கு 480 மில்லி, நாளைக்கு பதினொண்டரை லீற்றர், மாசத்துக்கு 345 லீற்றர். உள்ளுக்குள்ள இருக்கிற வொஷர் ஒண்டு மாத்தினா கதை முடியும். கால்வாசித் திருப்பில திறக்கிற புது மாதிரி பைப் எண்டா வொஷர் இல்லை, உள் துண்டு முழுசா மாத்தோணும். மெயின் வால்வை பூட்டிட்டு வேலை செய்யுங்கோ எண்டு சொல்லத் தேவையில்லைத்தானே, ஆனா எங்கட மச்சான் பூட்டாம கழட்டி குசினிக் கூரை வரைக்கும் தண்ணி அடிச்ச கதையும் இருக்கு.

சுவருக்குள்ள, நிலத்துக்குக் கீழ போற பைப்பில ஒழுக்கு எண்டா அது உங்கட கையால ஆகிற வேலை இல்லை. வெளிய ரோட்டில தண்ணி பொங்கிறதைக் கண்டா 1939க்கு அடிச்சு நீர் வழங்கல் சபைக்குச் சொல்லுங்கோ, அது எங்கட மீற்றரில ஏறேல்லத்தானே எண்டு விட்டிட்டுப் போகாதீங்கோ. அது களனி கங்கையிலயிருந்து எடுத்து அம்பத்தளையில சுத்திகரிச்ச தண்ணியாகவோ, லபுகம, கலட்டுவாவ குளங்களிலயிருந்து வந்ததாகவோ இருக்கும். லபுகம குளம் பிரிட்டிஷ் காலத்தில 1880களில கட்டினது, கொழும்பு இன்னும் அதைக் குடிக்குது. மழை இல்லாத மாசங்களில களனி கங்கையில தண்ணி குறைஞ்சா கடல் தண்ணி ஆத்துக்குள்ள மேல ஏறும், உப்பை மறிக்க ஆத்துக்குக் குறுக்க மண்மூட்டை அடுக்கின வருசங்களும் இருந்திருக்கு. கொழும்பில தண்ணிக்கு என்ன பஞ்சம் எண்டு கேக்கிற ஆக்களுக்குத்தான் இதைச் சொல்லுறன்.

மூண்டாவது: பாத்ரூம்

வீட்டுத் தண்ணியில பெரிய பங்கு இங்கதான் போகுது. ஃப்ளஷில இருந்து பாருங்கோ. பழைய டாங்க் ஒருக்கா இழுத்தா 9 லீற்றருக்கு மேல போகும், ரெண்டு பட்டன் வைச்ச புது மாதிரியில பெரிசுக்கு 6, சின்னதுக்கு 3. நாலு பேர் ஆளுக்கு அஞ்சு தரம் எண்டா 20 தரம், பழைய டாங்கில 180 லீற்றர். டாங்க் மாத்த வசதி இல்லாட்டி ஒரு லீற்றர் பிளாஸ்ரிக் போத்தலில மண்ணும் தண்ணியும் நிரப்பி மூடி இறுக்கி டாங்குக்குள்ள, மிதவையில முட்டாம நிறுத்துங்கோ, தரத்துக்கு ஒரு லீற்றர் மிச்சம், மாசத்துக்கு 600. செங்கல் போடாதீங்கோ, அது கரைஞ்சு தூள் போய் ரப்பருக்குக் கீழ அடையும், பிறகு நான் மேல எழுதின ரோஸ் கோடு உங்கட வீட்டிலயும் வரும். போத்தல் வைச்சதுக்குப் பிறகு ஒருக்கா ஃப்ளஷ் போதாம ரெண்டு தரம் இழுக்க வேண்டி வந்தா போத்தலை எடுத்திடுங்கோ, அது நட்டம்.

சவரை அளக்கிறது சுகம். வாளியைக் கீழ வைச்சு ஒரு நிமிசம் திறந்து விடுங்கோ. எங்கட வீட்டில 10 லீற்றர் வந்திச்சு, எட்டு நிமிசம் குளிச்சா 80. வாளியில அள்ளிக் குளிச்சா ரெண்டு வாளி, 36 லீற்றர் காணும். பிள்ளைகள் வாளிக்கு மாறமாட்டினம் எண்டு எனக்கும் தெரியும், அதால நான் என்ன செய்தன் எண்டா சவருக்குப் போற வால்வை அரைவாசிக்குப் பூட்டி விட்டிட்டன், ஒருத்தருக்கும் சொல்லவும் இல்லை. நிமிசத்துக்கு 6 ஆகிட்டு. இன்னும் ஒருத்தரும் கேக்கேல்ல! கீழ் மாடி ஆக்களுக்கு இது இன்னும் பிரயோசனம், மேல் டாங்கிலயிருந்து வாற அமுக்கம் கூட எண்டதால பேசினில கை கழுவுறதுக்குக் கூட தண்ணி அள்ளிக் கொட்டும். பைப் வாயில போடுற சல்லடை மூக்கு ஒண்டு வாங்கிப் பூட்டினா காத்துக் கலந்து தண்ணி மென்மையா வரும், கை கழுவ அது காணும்.

நாலாவது: குசினியும் உடுப்பும்

குசினியில என்ர ஒரே சட்டம், பைப்புக்குக் கீழ ஒரு பேசின் எப்பவும் இருக்கோணும். அரிசி களைஞ்ச தண்ணி, பருப்புக் கழுவின தண்ணி, மரக்கறி கழுவின தண்ணி எல்லாம் அதுக்குள்ள, பிறகு நேரா பூச்சாடிக்கு. அரிசித் தண்ணியை அண்டண்டைக்கே ஊத்திப் போடுங்கோ, எங்கட வெக்கைக்கு அடுத்தநாள் புளிச்சு நாறும். மீன் கழுவின தண்ணி கண்டுக்கு நல்லம் எண்டு அம்மா விடாம ஊத்துவா, அது உண்மையா இருக்கலாம், ஆனா வெள்ளவத்தையில காகமும் பக்கத்து வீட்டுப் பூனையும் சேர்ந்து சாடியையே கிண்டிப் போடும், ஊத்திறதெண்டா மண்ணைக் கிளறி ஊத்தி மூடுங்கோ. பீங்கான் கோப்பை கழுவேக்க முதல்ல எல்லாத்தையும் பைப்பை பூட்டிட்டு சோப் போட்டுத் தேய்ச்சு அடுக்குங்கோ, பிறகு ஒரே அடியா அலசுங்கோ. கறிச் சட்டியை தண்ணி விட்டுத் தேய்க்கிறதை விட சாப்பாடு முடிஞ்ச உடன தண்ணி நிரப்பி ஊற விடுறது எவ்வளவோ சுகம்.

வொஷிங் மெஷின் நிரம்பினாத்தான் போடுறது, இதில புதுசா சொல்ல ஒண்டுமில்லை. ஆனா கடைசி அலசல் தண்ணியை விடாதீங்கோ. மெஷினின்ர கழிவு ஹோஸை ரெண்டு வாளிக்குள்ள விட்டா அந்தத் தண்ணி நிலம் துடைக்க, பாத்ரூம் கழுவ, கொமட்டுக்குள்ள ஊத்திறதுக்கு அருமை. முதல் தண்ணியில சவர்க்காரம் கூட, அது கண்டுக்கு உதவாது. அலசல் தண்ணியை செவ்வரத்தை, வாழை மாதிரி கண்டுகளுக்கு விடலாம், வல்லாரை, பொன்னாங்காணி மாதிரி பச்சையா சம்பல் போடுற இலைக்கு வேண்டாம். எதுவா இருந்தாலும் ஒரு நாளுக்கு மேல சேர்த்து வைக்காதீங்கோ.

ஏசி இருக்கிற வீட்டுக்காரர் ஒரு வாளியை அந்தத் தண்ணிப் பைப்புக்குக் கீழ வைச்சுப் பாருங்கோ. கொழும்புக் காத்தில ஈரம் கூட, எங்கட ரூமில ஒரு இரவுக்கு அரை வாளிக்குக் கிட்ட சேருது. உப்பு இல்லாத தண்ணி, அயர்ன் பண்ண, நிலம் துடைக்க, பூச்சாடிக்கு விட நல்லம், குடிக்க மட்டும் கூடாது.

அஞ்சாவது: மழைத்தண்ணி, கூடவே நுளம்பு

இதைப் பற்றி எழுதாட்டி கொழும்பில இருந்து தண்ணி பற்றி எழுதி பிரயோசனம் இல்லை. இங்க வருசத்துக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல மழை பெய்யுது. கணக்கு லேசு: ஒரு சதுர மீற்றர் கூரையில ஒரு மில்லிமீற்றர் மழை பெஞ்சா ஒரு லீற்றர். 500 சதுர அடிக் கூரை எண்டா 46 சதுர மீற்றர், ஒரு பின்னேர மழை 10 மில்லிமீற்றர் அடிச்சா 460 லீற்றர், சிந்திறது சிதறுறது போக 370 எண்டாலும் கையில வரும். வருசக் கணக்குக்கு அந்தச் சின்னக் கூரையில 90,000 லீற்றருக்கு மேல விழுகுது. நாங்கள் அதை அப்பிடியே காணுக்குள்ள விட்டிட்டு, ரோட்டில வெள்ளம் நிக்குது எண்டு சொல்லிக்கொண்டு, அடுத்தநாள் அம்பத்தளையில குளோரின் போட்டு அனுப்பின தண்ணியைக் காசு குடுத்து வாங்கி ரோசாக் கண்டுக்கு ஊத்திறம்.

செய்யிற முறை இது. கூரைப் பீலியில இருக்கிற சருகை வழிச்சு, கீழ இறங்கிற பைப்பை இடுப்பு உயரத்தில வெட்டி ஒரு மூடி உள்ள 200 லீற்றர் பிளாஸ்ரிக் பெரலுக்குள்ள திருப்புங்கோ. ஏதாவது கெமிக்கல் வந்த பெரலை வாங்காதீங்கோ, சாப்பாட்டுச் சாமான் வந்ததா எண்டு கேட்டு வாங்குங்கோ. பெரலை நாலு சீமெந்துக் கல்லுக்கு மேல வையுங்கோ, அப்பத்தான் அடியில பூட்டின பைப்பால வாளியை வைச்சுப் பிடிக்கலாம். நிரம்பின பெரல் 200 கிலோ நிக்கும், அதால கல்லு ஆடாம இருக்கோணும், பல்கனியில வைக்கிற எண்ணம் இருந்தா விட்டிடுங்கோ. மேல் பக்கத்தில மேலதிகத் தண்ணி போக ஒரு பைப். கன நாளைக்குப் பிறகு பெய்யிற மழையில முதல் பத்து நிமிசத் தண்ணியை விட்டிடுங்கோ, அதில காகத்தின்ர எச்சமும் ரோட்டுப் புழுதியும்தான் வரும். அஸ்பெஸ்ரஸ் ஷீற் கூரைத் தண்ணி தோட்டத்துக்கும் கழுவுறதுக்கும் மட்டும்.

இனி நுளம்பு. பெரலின்ர ஒவ்வொரு வாயும், தண்ணி வாற வாய், மேலதிகம் போற வாய், மூடி ஓரம், எல்லாம் நெருக்கமான நுளம்பு வலையால இறுக்கிக் கட்டியிருக்கோணும். டெங்கு நுளம்பு முட்டையிலயிருந்து பறக்கிறதுக்கு ஒரு கிழமை பத்து நாள் காணும், அதால கிழமைக்கு ஒருக்கா பெரலை முழுசாப் பாவிச்சு முடிச்சு உள் சுவரை பிரஷ் போட்டுத் தேய்க்கோணும், வெறுமன தண்ணியை மட்டும் ஊத்தினாக் காணாது, முட்டை சுவரில ஒட்டி மாசக்கணக்கா காய்ஞ்சு கிடந்து அடுத்த தண்ணிக்குப் பொரிக்கும். பீலியில தண்ணி தேங்கி நிண்டாலும் இதே கதை. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து குடம்பியைக் கண்டா 2007ஆம் ஆண்டு 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தில வழக்குப் போடலாம். இவ்வளவும் செய்ய நேரம் இல்லாத ஆக்கள் பெரல் வைக்காதீங்கோ, உண்மையாத்தான் சொல்லுறன், மழை நேரத்தில வாளியை வைச்சுப் பிடிச்சு அண்டைக்கே பாவிச்சு முடிக்கிறது திறம்.

ஆறாவது: தோட்டமும் சாடியும்

கொழும்பில தை, மாசி, பங்குனிதான் காய்ஞ்ச மாசம். சித்திரையில பின்னேர இடிமழை தொடங்கும், வைகாசியில தென்மேல் பருவமழை, பிறகு ஐப்பசி கார்த்திகையில திரும்பவும் பின்னேர மழை. புதுக் கண்டு வைக்கிறதெண்டா சித்திரையில அல்லது ஐப்பசியில வையுங்கோ, மழையே தண்ணி விட்டு வேரைப் பிடிப்பிச்சுத் தரும். மாசியில கண்டு வாங்கி நட்டிட்டு ஹோஸோட நிக்கிறது வீண் வேலை.

தண்ணி விட முதல் விரலை ரெண்டு இஞ்சி மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்கோ. மேல் காய்ஞ்சு கீழ ஈரம் எண்டா அண்டைக்கு லீவு. எங்கட அம்மா காலமயும் பின்னேரமும் கடிகாரம் பாத்து ஊத்துவா, கறிவேப்பிலை மஞ்சளாகி வேர் அழுகிச் செத்திச்சு, அதுக்கும் தண்ணி காணாது எண்டு இன்னும் ஊத்தினா. விடுறதெண்டா காலம எட்டு மணிக்கு முதல், இலையில இல்லை, அடியில, கொஞ்சம் கொஞ்சமா ஒவ்வொரு நாளும் எண்டில்லாம ரெண்டு மூண்டு நாளைக்கு ஒருக்கா வடிவா ஊற விடுறது. அப்பிடி விட்டாத்தான் வேர் கீழ போகும்.

மண்ணை மூடுறதுதான் தோட்டத்தில பாதி வேலை. தேங்காய் உரிச்ச பொச்சு மட்டை வீட்டில கிடக்கும், அதைக் குப்பைக்குப் போடாதீங்கோ. தென்னை மரத்தைச் சுத்தி கிடங்கு வெட்டி பொச்சு மட்டையை அடுக்கி மூடுறது இலங்கையில தோட்டக்காரர் காலகாலமா செய்யிற வேலை, மழையில குடிச்சு வைச்சு வெயிலில விட்டுக் குடுக்கும். சாடிக்கு எண்டா அடியில ஒரு துண்டு பொச்சு, மண்ணில மூண்டில ஒரு பங்கு தும்புத்தூள், அது தன்ர நிறையை விட பல மடங்கு தண்ணியைப் பிடிச்சு வைக்கும். மேல ரெண்டு இஞ்சிக்கு சருகு. மண் சாடி வடிவுதான், ஆனா சுவராலயும் தண்ணி காயும், பல்கனி வெயிலுக்கு பிளாஸ்ரிக் சாடியே மேல். சாடிகளைத் தனித்தனியா வைக்காம கூட்டமா நெருக்கி வைச்சா ஒண்டின்ர நிழலில மற்றது நிக்கும். கீழ வைக்கிற தட்டில மணலை நிரப்பி விடுங்கோ, தண்ணியும் நிக்கும் நுளம்பும் வராது.

மிளகாய், கத்தரி வைச்ச பாத்திக்கு நான் செய்யிறது ஒரு சின்ன முட்டி. வண்ணம் பூசாத மண் முட்டியை கழுத்து மட்டும் தெரிய புதைச்சு, தண்ணி நிரப்பி, ஒரு ஓட்டால மூடி விடுறன். முட்டிச் சுவரால தண்ணி கசிஞ்சு சுத்தி ஒரு அடிக்கு ஈரம் நிக்கும், நாலு அஞ்சு நாளைக்கு ஒருக்கா நிரப்பினாக் காணும். ஒரு வருசத்துக்குப் பிறகு சிரட்டையால சுரண்டி எடுத்துப் பாத்தன், மிளகாய் வேர் முட்டியை வலை மாதிரிச் சுத்திப் பிடிச்சிருந்திச்சு.

முன் பக்கம் புல்லு வைச்ச ஆக்களுக்கு, பங்குனியில அது மஞ்சளாகட்டும் விடுங்கோ. சித்திரை மழைக்கு தன்பாட்டில பச்சையாகும்.

சித்திரை வருசத்துக்கு ஒரு கிழமை ஊருக்குப் போற நேரம் சாடிகள் என்ன செய்யிறது எண்டு கேப்பீங்கள். நிழலில கூட்டமா வைச்சு, நடுவில ஒரு மூடி போட்ட வாளியில தண்ணி, மூடியில ஓட்டை போட்டு பழைய பருத்தித் துணியைக் கயிறு மாதிரி முறுக்கி ஒரு நுனி வாளிக்குள்ள, மற்ற நுனி சாடி மண்ணுக்குள்ள மூண்டு இஞ்சி. வாளி சாடியை விடக் கொஞ்சம் உயரத்தில நிக்கோணும். போற முதல் நாளே வைச்சு ஒரு இரவு பாருங்கோ, சில துணி ஒரே இரவில வாளியை வெறுமையாக்கும், அப்ப மெல்லிசாக் கிழிச்சு மாத்துங்கோ. எல்லாம் முடிச்சு கேற்றைப் பூட்ட முதல் மெயின் வால்வையும் பூட்டி, மீற்றரை ஒரு படம் எடுத்துக்கொண்டு போங்கோ.